என் மரணச் செய்தியும் பதினேழு தவறான எண்ணங்களும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் படித்தாலும் குறித்துவைப்பேன். எது நடந்தாலும் மணி பார்ப்பேன். என் மகள் பிறந்த நேரத்தைக் கேட்டால் மருத்துவமனைக் காகிதத்தில் இருப்பதைவிட இரண்டு நிமிடம் முன்னதாகச் சொல்வேன் (அவர்கள் கடிகாரம் முந்தி ஓடியது, நானே சரிபார்த்தேன்). அப்படிப்பட்டவனின் நாட்குறிப்பில் ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘காலை 10.50. நான் இறந்துவிட்டதாகச் செய்தி. செய்தி தவறு.’

அந்த வரிக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். இதுவரை வீட்டில் பிறர் சொல்லித்தான் இந்தக் கதை நடமாடி வருகிறது. முதல் முறையாகக் குற்றவாளியே எழுதுகிறேன்.

புனேயில் வேலை பார்க்கும் மகள் வித்யா ஒருநாள் தொலைபேசியில், தன்னோடு வேலை செய்யும் ஜெரால்டைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். தாராவியில் வீடு. கத்தோலிக்கக் குடும்பம். பூர்வீகம் திருநெல்வேலிக்குத் தெற்கே. என் மனைவி விசாலம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், “பையன் காப்பி குடிப்பானோ?” என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அதோடு தீர்ந்தது.

என்னைப் பொறுத்தவரை தீரவில்லை. நான் எதிர்க்கவில்லை; ஆராய்ச்சி செய்தேன். (எதிர்த்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்கிறாள் விசாலம்.)

பாம்பேயில் எங்களவர்கள் கூடி வாழும் மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தாராவிக்கு டாக்சியில் பத்து நிமிடம். நாற்பது வருடங்களில் ஒருமுறைகூட நான் அந்தப் பத்து நிமிடத்தைக் கடந்ததில்லை. இப்போதும் கடக்கவில்லை. நூலகத்துக்குப் போனேன். மூன்று வாரங்களில் ஏழு புத்தகங்கள் படித்தேன். அவற்றில் ஐந்தை எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். ஏழு பேரில் ஒருவரும் தாராவியில் ஒரு டீகூடக் குடித்தவராகத் தெரியவில்லை.

ஆராய்ச்சியின் விளைவாக இரண்டு ஆவணங்கள் உருவாயின. முதலாவது, சம்பந்திகள் பெண் கேட்டு வரும்போது அவர்கள் மனம் புண்படாமலிருக்க வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்கள். இரண்டாவது, ‘இந்து மதம் பற்றிப் பிற மதத்தவர் கொண்டுள்ள பதினேழு தவறான எண்ணங்கள்’. அடிக்குறிப்புகளோடு பதினொரு பக்கம். எட்டுப் பிரதிகள் எடுத்து ஸ்டேப்ளர் போட்டேன்.

வித்யாவுக்கு வாடை அடித்திருக்க வேண்டும். “அப்பா, அவாளும் நம்மள மாதிரிதான். நீங்க ப்ளீஸ் ஒண்ணும் பண்ணாதேங்கோ,” என்றாள். ‘நம்மள மாதிரிதான்’ என்பதை அவள் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு. விசாலம் 5.40க்குப் போட்ட கோலத்தை 8.10க்கு நான் ஈரத் துணியால் துடைத்தேன். மாவிலைத் தோரணத்தை அறுத்தேன். விளக்கை உள்ளே வைத்தேன். கூடத்துச் சுவரில் இருந்த ஒன்பது சாமி படங்களையும் கழற்றி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். முப்பது வருடம் தூசியும் புகையும் படாத இடங்களில் ஒன்பது வெளிறிய சதுரங்கள் தெரிந்தன. சோபா உறையில் ஓம் தைத்திருந்ததால் அதன்மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தினேன். பில்டிங் சொசைட்டியின் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆவணம் வைத்தேன். என் நெற்றி விபூதியையும் அழித்தேன்.

உணவு விஷயத்தில் என் தாராள மனம் எனக்கே வியப்பளித்தது. கிறிஸ்தவர்கள் மாமிசம் இல்லாமல் விருந்து உண்ணமாட்டார்கள் என்று முடிவுகட்டி, மட்டன் பிரியாணி வரவழைத்துவிட்டேன். “அது என் அடுக்களைக்குள்ள வந்தா நான் வெளியில போயிடுவேன்,” என்றாள் விசாலம். எனவே அது பால்கனியில், முக்காலியின் மேல், ஒரு வாளியைக் கவிழ்த்து மூடியபடி இருந்தது.

கடைசியாக ஒன்று பாக்கி. “விசாலம், இரண்டு மணி நேரத்துக்குக் குங்குமம் வேண்டாமே?” என்றேன்.

தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க உசிரோட இருக்கேளே! நான் எதுக்கு அழிக்கணும்?”

“அழிக்க வேண்டாம். தற்காலிகமாக...”

அவ்வளவுதான். கூடத்தில் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அழுது அழுது முந்தானையால் முகத்தைத் துடைத்ததில் குங்குமம் தானாகவே போய்விட்டது. (என் திட்டம் நிறைவேறியதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இதை எழுதும்போது கை கூசுகிறது.)

10.40க்கு நான் உள்ளறையில் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. கிசுகிசுப்பு. பிறகு அதே காலடிகள் மெதுவாகப் படியிறங்கின. அப்போது கணபதி நாள்கள். எதிர் வீட்டில் கணபதி வைத்திருந்தார்கள். அங்கே வந்தவர்கள் வீடு மாறியிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

சம்பந்திகளைக் காணோமே என்று பால்கனிக்கு வந்து கீழே பார்த்தேன். கேட்டருகே ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள் நின்றிருந்தார். காவிப் புடவை, மஞ்சள் பூசிய முகம், வட்டப் பொட்டு, தலை நிறைய மல்லிகை. கையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, பழம் நிறைந்த தட்டு. கூட இரண்டு ஆண்கள், அவர்கள் கையிலும் தட்டுகள். ஒருவர் நெற்றியில் என் முன்னோர்கள் பொறாமைப்படும் அளவுக்கு விபூதிப் பட்டை. ஏனோ தட்டுகளையெல்லாம் அவசர அவசரமாக ஒரு டாக்சிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுக் கணபதிக்கோ, என்ன பக்தி என்று நெகிழ்ந்துபோனேன்.

10.50. இன்னொரு டாக்சியில் தாதர் ஸ்டேஷனிலிருந்து வித்யாவும் ஜெரால்டும் வந்து இறங்கினார்கள். காவிப் புடவை அம்மாள் ஓடிப்போய் வித்யாவைக் கட்டிக்கொண்டார்.

“யம்மா, அழாதம்மா! அப்பா இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாவளே! நாங்க இருக்கோம் ஒனக்கு!”

“அப்பாவா? எந்த அப்பா?” என்றாள் வித்யா. அடுத்த கணம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு அலறல்.

யாருடைய தந்தையோ காலமாகிவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. நிஜமாகவே வருந்தினேன். பால்கனிக் கம்பியில் சாய்ந்து, “வித்யா, யாருக்கு என்ன ஆச்சும்மா?” என்று கேட்டேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஜெரால்டு கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருக்க, கை மட்டும் நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று போய் வந்தது.

“ஏசுவே!”

அந்த நொடியில் நான் உயிரோடிருப்பது அவருக்கும், அவர் என் சம்பந்தி என்பது எனக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. இருவரில் யாருக்கு அதிர்ச்சி அதிகம் என்பதை இன்றுவரை கணக்கிட முடியவில்லை.

மேலே வந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெரால்டின் தந்தை அந்தோணிராஜ் நெஞ்சைத் தடவிக்கொண்டே விளக்கினார்.

“என்ன நெனைக்கச் சொல்லுதிய? வாசல்ல போட்ட கோலத்தத் தொடச்சிருக்கு. வெளக்கு இல்ல. செவுத்துல படம் இருந்த தடம் இருக்கு, படத்தக் காணும். வெள்ள விரிப்பு. வரிசையா நாக்காலி. வீட்டுக்கார அம்மா தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, பொட்டு இல்லாம அழுதுட்டு இருக்காவ. துட்டி வீட்டுக்குள்ள பூவும் தேங்காயுமா நொழைவமா? அதான் தட்டையெல்லாம் வண்டியில வச்சுட்டு வெறுங்கையோட வருவோம்னு எறங்கினோம்.”

“நான் அப்பவே தலப்பாடா அடிச்சுண்டேன்,” என்றாள் விசாலம்.

நான் விளக்கினேன். ஒரே கடவுள் கொள்கை, உருவ வழிபாடு குறித்த அவர்களுடைய உணர்வு, அதை மதிக்கும் பொருட்டு நான் எடுத்த நடவடிக்கைகள். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சிறுத்துக்கொண்டே போனது. விபூதிக்காரர் சுவரில் இருந்த சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜெரால்டின் தாய் ஆரோக்கியமேரி மெல்லக் கேட்டார்: “எங்களுக்காவ சாமியள பீரோவுல வச்சுப் பூட்டுனியளா?”

“ஆமாம்,” என்றேன். பாராட்டு வரும் என்று ஒரு மூலையில் இன்னும் நம்பிக்கை இருந்தது.

“அப்பம் நாளைக்கு ஒங்க மவ எங்க வீட்டுக்கு வந்தா, அவ சாமிய நாங்க என்ன செய்வோம்னு நெனச்சிய? பூட்டிருவோம்னா?”

நான் ஆவணத்தின் அடிக்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன்.

அவர் எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. “ஏங்க, நம்மள இப்படி நெனச்சவிய வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்க?” என்று கணவரிடம் கேட்டார். அந்தோணிராஜ் தலை குனிந்துகொண்டார். வித்யா ஜெரால்டைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அரை மணி முன்பு நான் செத்துப்போனதாகக் கேட்டபோது அலறியவள், இப்போது அந்தச் செய்தி பொய்யானதற்கு வருந்துகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

“அப்பா. பீரோ சாவி எங்க?”

சாவி என் பூணூலில் இருந்தது. ஆகவே பெண் கேட்டு வந்தவர்கள் முன்னிலையில், நாற்பத்திரண்டு ஆண்டுகால அலுவலக கௌரவம் உள்ள நான், சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதாயிற்று. மூன்றாவது பொத்தானில் ஆரோக்கியமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு.

“மொதல்ல படத்த மாட்டுங்க. பொறவு பேசலாம்,” என்றார். பிறகு விசாலத்திடம், “மதினி, நீங்க எந்திரிச்சுத் தலைய முடிங்க. கோலமாவு எங்க இருக்கு? எங்க வீட்டு மாதா முன்னால தெனமும் நாந்தான் கோலம் போடுதேன்.”

படங்களை மாட்டியவர் விபூதிக்காரர். ஆரோக்கியமேரியின் தம்பி, பெயர் சுடலைமுத்து. ஆண்டாப் ஹில்லில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். நான் விபூதியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு ஆரோக்கியமேரி வாசலிலிருந்தே சொன்னார்: “என் கூடப்பொறந்தவன்தான். கல்யாணத்துக்கு முன்னால எம்பேரும் சொடலவடிவு.”

ஏழு புத்தகங்களில் எதிலும் இது இல்லை.

சுடலைமுத்து கடைசிப் படத்தையும் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்காரப் போனபோது ஆவணம் கையில் அகப்பட்டது. வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

“நாலு. இந்துக்கள் தெய்வங்களுக்கு மாமிசம் படைப்பார்கள் என்பது. அடைப்புக்குள்ள ‘தவறு’.” நிறுத்தினார். “சார், வருசா வருசம் ஊருக்குப் போயி எங்க சொடலமாடனுக்குக் கெடா வெட்டிட்டு வாரேன். ஒங்க கணக்குப்படி நான் என்ன மதம்?”

“அது... கிராமிய வழிபாடு என்று...”

“கிராமத்துல இருந்தா இந்து இல்லியா? அப்பம் பாம்பே வந்து எறங்கினதும் ஆயிருவேனா? எந்த ஸ்டேஷன்ல, சொல்லுங்க, அங்ஙனயே எறங்குதேன்.”

ஜெரால்டு சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்குப் போனான். போனவன் வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டான். “அம்மா, இங்க பிரியாணி இருக்கு!”

“அது உங்களுக்காகத்தான்,” என்றேன், மிச்சமிருந்த கடைசிப் பெருமையோடு.

“ஐயய்யோ, நாங்க வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்து காவி உடுத்தியிருக்கோம். மாதா பொறந்தநாள் முடியுற வரைக்கும் வீட்டுல எல்லாருக்கும் மரக்கறிதான்,” என்றார் ஆரோக்கியமேரி. “மதினி, சாம்பார் இருக்கா?”

ஆக, அன்று எங்கள் வீட்டில் கத்தோலிக்கக் குடும்பம் முழுவதும் இலை போட்டு விசாலத்தின் சாம்பாரையும் எரிசேரியையும் சாப்பிட்டது. யாருடைய மதத்தின் சார்பில் நான் பதினொரு பக்கம் எழுதினேனோ அந்த இந்து ஒருவர் மட்டும் பால்கனியில் முக்காலிமேல் உட்கார்ந்து ஆறு பேருக்கான மட்டன் பிரியாணியைத் தனி ஆளாக ஒரு கை பார்த்தார். 1.25க்கு, புதிய கோலத்தைத் தாண்டி, டாக்சியிலிருந்து திரும்பி வந்த தட்டுகள் மாற்றப்பட்டன.

கிளம்பும்போது சுடலைமுத்து என் பேனாவைக் கேட்டு வாங்கி, ஆவணத்தின் அடியில் ஏதோ எழுதிக் கொடுத்தார். அந்தப் பிரதியை மட்டும் வைத்திருக்கிறேன்; மற்ற ஏழையும் கிழித்துவிட்டேன். அதில் இருப்பது இதுதான்: ‘18. இந்து மதம் மாட்டுங்காவில் தொடங்கி மாட்டுங்காவிலேயே முடிகிறது என்பது. (தவறு.)’

வித்யாவும் ஜெரால்டும் இப்போது செம்பூரில் இருக்கிறார்கள். எங்கள் கூடத்தில் சுடலைமுத்து மாட்டிய வரிசையிலேயே படங்கள் இருக்கின்றன; குருவாயூரப்பன் முருகனின் சதுரத்தில் நிற்கிறார், இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வெளிறிய சுவர் தெரிகிறது. மாற்றலாமா என்று ஒருமுறை கேட்டேன். விசாலம் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். தாராவிக்கு நான் இப்போது மாதம் இரண்டு முறை போகிறேன். டாக்சியில் பத்து நிமிடமில்லை, பன்னிரண்டு.

கல்யாணத்தன்று மண்டபத்தில் அந்தோணிராஜ் என்னைத் தன் உறவினர்களிடம் அறிமுகப்படுத்தினார்: “இவுகதான் செத்துப் பொழச்ச சம்பந்தி. எங்க ஆண்டவருக்கே மூணு நாள் ஆச்சு. இவுகளுக்கு அஞ்சே நிமிசம்.” ஆரோக்கியமேரி அவர் கையில் ஓர் அடி கொடுத்தார், ஆனால் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டர் காலையிலும், பூசை முடிந்து கோயில் வாசலிலிருந்தே அவர்கள் குடும்பத்தின் முதல் வாழ்த்து எனக்குத்தான் வருகிறது. தொலைபேசியை எடுத்ததும் பின்னணியில் பத்துப் பதினைந்து பேர் சிரிப்பது கேட்கும். அந்தோணிராஜ் கேட்கும் முதல் கேள்வி எந்த வருடமும் மாறியதில்லை.

“சம்பந்தி, இருக்கியளா?”

இருக்கிறேன் என்று சொல்லி, நாட்குறிப்பில் மணியைக் குறித்துக்கொள்கிறேன்.