கடலோரம் நின்ற ஜனங்களும் எங்கள் ‘முதல்லேர்ந்து’வும்

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், உலகம் படைக்கப்பட்ட கதையை அதிகத் தடவை வாசித்த மனிதர் எங்கள் ‘முதல்லேர்ந்து’தான். பாஸ்டர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த நாளில் அவருடைய வேதப் புத்தகத்தில் முதல் இருபது தாள் விரல் பட்டுப் பட்டு அப்பளமாகியிருக்கும். அதற்குப் பின்னால் புத்தம் புதுசு. கடைசிப் பக்கங்களை அச்சாபீஸுக்குப் பிறகு யாரும் பிரித்திருக்கவே இல்லை.

நான் மரக்காணத்து உப்பளம் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். அவர் மோட்டார்க்காரர். உவர்த் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றும் மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பேர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

ஒரு காலத்தில் மகா குடிகாரராம். குடியை விட்ட அன்றைக்கே, தினம் ஒரு அதிகாரம் வாசிப்பதாகப் பொருத்தனை செய்துகொண்டார். அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. ஒரு நாள் தவறினால் மறுபடியும் முதல் அதிகாரம் என்று கூடவே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்.

“குடியில அப்படித்தானே சார்? ஒரு நாள் தொட்டா எல்லாம் ஜீரோ. இதுக்கும் அதான் ரூல்” என்பார்.

காலை ஒன்பது மணிக்கு உப்பு வாரும் பெண்கள் சோறு தின்ன மோட்டார் கொட்டகைக்கு வருவார்கள். அத்தனை பெரிய உப்பளத்தில் வேறு நிழல் கிடையாது. அவர்கள் தூக்குவாளியைத் திறக்க, இவர் புத்தகத்தைத் திறப்பார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சத்தமாக வாசிப்பார். முடித்ததும் எழுந்து நின்று ஜெபம். ஜெபம் முடிகிறவரை ஊறுகாய் கேட்கக்கூட யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

ஒரு தடவை முப்பத்தோராம் நாள் வானூரில் சம்பந்தி வீட்டு விருந்து. கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கிவிட்டார். மறுநாள் முதல்லேர்ந்து. இன்னொரு தடவை ஐம்பதைத் தாண்டியவர், உடம்பு அசதியில் ஒரு நாளைக் கோட்டைவிட்டார். “நீ தூக்கத்துல ஏதோ படிச்சிக்கிட்டுதான் இருந்தே, நான் கேட்டேன்” என்று அவர் மனைவி சாட்சி சொல்லிப் பார்த்தார். “கண்ண மூடிக்கிட்டுப் படிச்சது செல்லாது” என்று தீர்ப்பு. முதல்லேர்ந்து.

இதனால் எங்கள் உப்பளத்துப் பெண்களுக்கு பெருவெள்ளமும் பேழைக் கப்பலும் மனப்பாடம். அண்ணன்மார் தம்பியைக் குழியில் தள்ளும் இடம் வந்தால், “இந்தத் தடவையாவது அவனுங்க திருந்துறானுங்களா பாரு” என்பார் அஞ்சலை அக்கா. மாரியம்மனுக்குத் தவறாமல் கூழ் ஊற்றுகிறவர். ஆனாலும் கொட்டகையில் முதல் வரிசை அவருக்குத்தான்.

நானும் கிறிஸ்தவன்தான், கிறிஸ்துமஸுக்கு மட்டும். சும்மா வேடிக்கை பார்ப்பேன்.

ஒரு வருஷம் மார்ச்சில் ‘முதல்லேர்ந்து’ அறுபத்து நாலாம் நாளைத் தொட்டார். அதுவரை போகாத தூரம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஜனங்கள், பிள்ளைகுட்டிகளோடு கடலோரம் நிற்கிறார்கள். முன்னால் தண்ணீர். பின்னால் ராஜாவின் சேனை, தேரும் குதிரையுமாக. கொட்டகையில் யாரும் சோறு மெல்லவில்லை.

“த்ரீ ஃபேஸ் வந்துடுச்சு!” என்று வெளியிலிருந்து குரல். கரண்ட் வந்தால் மோட்டார் போட்டாக வேண்டும். “மீதி சாயந்திரம்” என்று புத்தகத்தை மூடினார். மத்தியானமே குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. நாலு நாள் ஆஸ்பத்திரி.

ஐந்தாம் நாள் வந்தார். புத்தகத்தைத் துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டினார். எடுக்கவில்லை. ஒரு வாரம் அப்படியே போனது. ஒன்பது மணிக்கு எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

“நமக்குக் கொடுப்பினை இல்ல சார். எத்தினி வாட்டிதான் முதல்லேர்ந்து வர்றது? விட்டுட்டேன்” என்றார் என்னிடம். அந்த ‘விட்டுட்டேன்’ எனக்குச் சரியாகப் படவில்லை. இதை விட்டவர் இன்னொன்றைத் தொடுவதற்கு எத்தனை நாளாகும்? அன்று சாயந்திரம் அவர் ஒயின்ஷாப் போகிற பாதையில் திரும்பிப் பாதி தூரம் போய் நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சூப்பர்வைசர் இல்லையா, எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

அஞ்சலை அக்காவுக்கு அந்தக் குறை கிடையாது. மறுநாள் காலை தூக்குவாளியைத் தள்ளி வைத்தார்.

“ஏண்ணே, அந்த ஜனங்க என்ன ஆனாங்க?”

“எந்த ஜனங்க?”

“கடலோரம் நிக்க வெச்சிட்டுப் போனியே, அவங்கதான். எத்தினி நாளா நிக்கிறாங்க, கைக்கொழந்தைங்கள வேற வெச்சிக்கிட்டு!”

“நாள் தவறிடுச்சிம்மா. படிச்சா முதல்லேர்ந்துதான் படிக்கணும்.”

“ஜுரம் வந்தப்ப எனக்கும்தான் நாலு நாள் சோறு எறங்கல. அதுக்காவ அஞ்சாம் நாள் தாய்ப்பால்லேர்ந்தா ஆரம்பிச்சேன்?”

கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“ரூல்னு ஒண்ணு இருக்குதில்ல, அஞ்சல?”

“அது யாரு போட்டது? உங்க சாமியா, நீயா?”

அவர் எழுந்துபோய் ஆணியிலிருந்து பையை எடுத்தார். முதல் பக்கத்துக்கே பழகிய விரல் அங்கேயேதான் போனது. அதை இழுத்துப் பின்னால் கொண்டுவந்து, விட்ட வரியைத் தேடிப் பிடித்தார். கடல் பிளந்தது. ஜனங்கள் இறங்கி நடந்தார்கள். அக்கரை சேர்ந்ததும் அஞ்சலை அக்கா “அப்பாடா!” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் எங்கள் பெண்களுக்கு இதோடு திருப்தி வருமா? கடலுக்கு அடியில் சேறுதானே இருக்கும் என்றார் ஒருவர். காய்ந்த தரை என்று போட்டிருக்கிறதே என்றார் மோட்டார்க்காரர். “காஞ்ச தரைன்னா உப்பு பூத்திருக்குமே, யாரும் வாரலியா?” என்று மூன்றாமவர் கேட்க, அன்று மோட்டார் அரை மணி நேரம் தாமதமாக ஓடியது. நான் கண்டுகொள்ளவில்லை.

அதன்பிறகு அவர் நாள் தவறவில்லை என்று சொன்னால் பொய். கண் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் தவறினார். பச்சைக் கண்ணாடியோடு வந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். சட்டதிட்டங்கள் வரும் பகுதியில் பெண்கள் கூண்டோடு தூங்கினார்கள். அவர் வாசித்துக்கொண்டேதான் இருந்தார். ஒயின்ஷாப் பக்கம் திரும்பவில்லை.

போன மாதம் சென்னை பஸ்ஸிலிருந்து மரக்காணத்தில் இறங்கி அவரைப் பார்க்கப் போனேன். நான் அந்த வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. சரியாக ஒன்பது மணி. முழுப் புத்தகத்தையும் ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றில் இருந்தார். வாசித்தார். ஜெபத்துக்கு எழுந்து நின்றார். மோட்டாரின் பெல்ட்டுக்காக வேண்டினார். அஞ்சலை அக்காவின் சினை ஆட்டுக்காக வேண்டினார். அடுத்து என் பேர் வந்தது. என் மகள் பேர் வந்தது. அந்தப் பிள்ளையின் மூச்சிரைப்பு நீங்க வேண்டும் என்று, வேலையில் இருந்தபோது எப்போதோ நான் சொன்னதை நேற்றுதான் சொன்ன மாதிரி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டார்.

அது நீங்கி மூன்று வருஷமாகிறது. நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்களை அந்த ஜெபத்திலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.