ஆண் குரல் மட்டும்

ரெக்கோட் பிளேயரைத் தூக்கி அலுமாரி மேல் வைக்கிறேன் பேர்வழி என்று ஒஸ்வல்ட் மாஸ்டர் அதைக் கீழே போட்டு இன்றோடு ஒன்பது நாள். மனைவி ஜோசப்பின் அவரோடு பேச்சை நிறுத்தியும் ஒன்பது நாள்.

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசியைப் பிடித்திருக்கும் காட்ரிஜ், அந்தச் சுண்டுவிரல் நகமளவு சாமான்தான் பிளந்துவிட்டது. பாட்டுப் போனால் போகட்டும். பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டே ஜோசப்பின் குசினியில் தேங்காய் துருவுவாளே, அந்தக் குரலும் அல்லவா போய்விட்டது! மனுஷனுக்கு வீடு வீடாகவே இல்லை.

மாத்தளை பஜாரில் ரேடியோ திருத்துகிற பலீல் உடைந்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"நம்பர் அழிஞ்சிட்டே மாஸ்டர். இதப் பூட்டிப் பாருங்க."

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் பூட்டினார். கொசு முனகுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஆ, அது மெக்னெட் சாமான். ஒங்கட பெட்டிக்குச் சத்தம் பத்தாது" என்றார் பலீல், திரும்பி வந்தவரிடம் சாவகாசமாக.

இடையில் ஊரில் போட்டிருந்த ஊரடங்கை எடுத்த மறுநாளே மாஸ்டர் கண்டி பஸ்ஸில் தொற்றினார். அங்கே வாங்கியதற்கு ஸ்குரூ ஓட்டை ஒத்துவரவில்லை. விடுவாரா? ரப்பர் பட்டி போட்டு இறுக்கினார். ஊசி தவளையாகத் தாவி, ஜோசப்பினுக்கு உயிரான பாட்டுத் தட்டில் நீளமாய் ஒரு கீறல் போட்டது.

குசினிக் கதவு படாரென்று மூடிக்கொண்டது.

மூன்றாவதை மறுபடி பலீலிடம் வாங்கினார். அதற்கு நாலு பின். பெட்டியிலோ ரெண்டே வயர். கைக்கு வந்த ரெண்டு பின்னில் செருகி, மாதாவைக் கும்பிட்டு, ஒரு ஜோடிப் பாட்டை வைத்தார்.

ஆண் கணீரென்று பாடினான். பெண்ணின் முறை வந்தது. பெண்ணைக் காணோம்! ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம் என்று பதிந்த ஸ்டீரியோ இசைத்தட்டு அது. மாஸ்டர் ஆண் பக்கத்துக்கு மட்டும் வயர் கொடுத்திருக்கிறார்.

"அட ஆண்டவரே, இங்கயும் பொம்பளய வாயடைக்க வச்சிட்டேனே!" என்று தலையில் கைவைத்தார்.

ஆண் மறுபடி கெஞ்சினான். பதில் இல்லை. மூன்றாம் தடவை கெஞ்சினான். விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அசைந்தால் குரல் நின்றுவிடுமோ என்று பயந்து நின்ற இடத்திலேயே நின்றார்.

பாட்டு முடிந்ததும் ஜோசப்பின் எட்டிப் பார்த்தாள். "என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? மறுபடி போடுங்க."

மறுநாள் காலையில் மாஸ்டர் பலீல் கடைக்கு ஓடினார்.

"பலீல், சரியான காட்ரிஜ் வந்தா எங்க வீட்டுப் பக்கம் அனுப்பிராதீங்க! எனக்கு இந்த அரைப்பாட்டே போதும்."

பலீல் சிரித்துவிட்டார். "அத நீங்க அக்காகிட்டத்தான் சொல்லணும் மாஸ்டர். சரியானத மொத நாளே, ஒங்களுக்கு முந்தி வந்து, பெட்டியோட நம்பரச் சொல்லி வாங்கிட்டுப் போயிட்டாங்களே! 'கல்யாணம் கட்டி இருவது வருஷத்துல இப்பத்தான் எனக்காக ஓடுறாரு, இன்னுங் கொஞ்சம் ஓடட்டும் பலீல்'னாங்க."