லெஸ்டர் பிப்ரவரியில் போட்ட கையெழுத்து

அன்புள்ள லொரெட்டா அண்ணிக்கு,

வெர்னா எழுதுவது. நானும் டெஸ்ஸாவும் இங்கே நலம். கேட்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால் இப்போதாவது மடங்குகிறதா? போன கடிதத்தில், டெஸ்ஸா பன்னிரண்டாம் வகுப்புக்கு என்ன கணக்கு எடுக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். சும்மாதான் கேட்டீர்களா, இல்லை அவள் உங்கள் காதில் ஏதாவது போட்டு வைத்திருக்கிறாளா என்று எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கடிதம். அடுத்த வருஷத்துப் பாடங்கள். கால்குலஸ் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிவிவரக் கணக்கு என்று இருக்கிறது. இந்தப் பெண் ஏழு வயதிலிருந்து, 'அப்பா பாலத்துக்கு பெயிண்ட் அடிக்கிறார், நான் பாலமே கட்டுவேன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். நான் ஒன்பதாவதோடு நின்றவள்தான், ஆனாலும் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணிப் பாலம் கட்ட முடியாது என்பது எனக்கே தெரியும். நானும் தினம் நூறு நூறாகப் படுக்கைவிரிப்பு எண்ணுகிறேன், ஒரு பாலமும் எழும்பவில்லை. கூடவே பாடம் மாற்றக் கேட்ட விண்ணப்பத்தின் நகலும் இருந்தது. பெற்றோர் கையெழுத்து: லெஸ்டர் நோவாக். பிப்ரவரி இருபது.

அண்ணி, உங்கள் தம்பியை நாம் ஜனவரி பதினாலாம் தேதி அடக்கம் செய்தோம். நீங்கள்தான் என் பக்கத்தில் நின்றீர்கள். கையெழுத்தோ அச்சு அசல் அவருடையது, முதல் எழுத்தின் வால்கூடத் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நம்பவே கூடாத ஒன்றை நம்பினேன். அப்புறம் வருஷத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. உங்கள் தம்பி ஏப்ரல் வரைக்கும் போன வருஷத்தைத்தானே போடுவார்! யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு முதல் சந்தேகம் பள்ளிக்கூடத்து ஆலோசகர் மிஸ்டர் பிக்கரிங் மேல். இடத்தை எடுத்து எந்த டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கோ கொடுத்திருப்பார். திடீரென்று போய் நின்றால் உஷாராகிவிடுவாரே என்று ஒரு சாக்குத் தேடினேன். துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்த கண்ணாடிப் பாத்திரங்கள் பதினொன்று இன்னும் என் அலமாரியில்தான் இருந்தன. ஒன்றின் அடியில் 'பிக்கரிங்' என்று நாடா ஒட்டியிருந்தது. எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே கிளம்பினேன்.

"இது உங்க பாத்திரம். இது யார் கையெழுத்து?" என்று இரண்டையும் ஒன்றாக மேஜையில் வைத்தேன்.

மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "மிஸ்டர் நோவாக்கோடது மாதிரி இருக்கு."

"அவர் அடக்கத்துக்கு நீங்க வந்தீங்க. ரெண்டு தடவ பன்றிக்கறி வாங்கிச் சாப்பிட்டீங்க."

"கவனிச்சேம்மா. ஆனா ஃபோன் பண்ணி, 'உங்க வீட்டுக்காரர் கையெழுத்து வந்திருக்கு'ன்னு எப்படி ஆரம்பிக்கிறது? நாலு தடவ எடுத்து எடுத்து வச்சேன்."

"எங்க பொண்ணு இடம் யாருக்குப் போச்சு?"

"யாருக்கும் போகல. கால்குலஸ்ல நாலு இடம் காலியாவே கிடக்கு."

பிறகு அவர் விளக்கினார். டெஸ்ஸா ஆசைப்பட்ட, கிழக்கே இருக்கிற, பாலம் கட்டச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெரிய கல்லூரி நூற்றுக்கு ஆறு பேரைத்தான் எடுக்குமாம். இந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பதிலேயே கஷ்டமான கணக்கைப் பிள்ளை எடுத்தாளா என்று கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம், அதில் இவர்தான் குறி போட வேண்டுமாம்.

"புள்ளிவிவரமும் நல்ல கணக்குதாம்மா. ஆனா பாலம் கட்டப் போறவ கால்குலஸை விட்டா, அந்தக் கட்டத்துல என்னால குறி போட முடியாது. அவங்க எடுக்கவும் மாட்டாங்க."

"இது அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும். 'கால்குலஸை விட்டா நிச்சயமா எடுக்க மாட்டாங்கதானே?'ன்னு வந்து கேட்டா. ஆமான்னேன். ரொம்ப நன்றின்னு சொல்லிட்டுப் போயிட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, சந்தேகப்பட வேண்டியவள் என் வீட்டிலேயே உட்கார்ந்து சோளப்பொரியை டப்பாவோடு தின்கிறவள்தான் என்று. அன்று சாயங்காலமே அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருடி போட்டா கையெழுத்து?"

"அப்பா."

"உங்கப்பாவுக்கு எப்படி வருஷம் சரியா வந்துச்சு?"

முதலில் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. "காலேஜ்காரங்களே வேணாம்னுட்டா, நானா போக மாட்டேன்னு சொன்ன மாதிரி இருக்காதுல்ல. நீயும் என்னை விரட்ட முடியாது."

"ஏன், நான் தனியா இருக்க மாட்டேனா?"

"நீ இன்னும் மூணு தட்டு வைக்கிறம்மா."

"அது பழக்கம்டி."

"போன வாரம் அப்பா தட்டுல உருளைக்கிழங்கும் வச்ச."

உருளைக்கிழங்கு அதிகமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் நான் அசரவில்லை. மிஸ்டர் பிக்கரிங்கிடம் புது விண்ணப்பம் வாங்கி, கால்குலஸ் என்று நானே நிரப்பி, வெர்னா நோவாக் என்று கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமையே அவர் கையில் கொடுத்துவிட்டேன். அந்தக் கல்லூரிக்குக் காரில் பதினோரு மணி நேரம்தானே? போகட்டும். எனக்கு வேலை இருக்கிறது, சர்ச் பெண்களின் பிங்கோ ஆட்டம் இருக்கிறது. அங்கே எண்களைக் கூப்பிடுகிறவள் தன் தங்கைக்குச் சாதகமாகக் கூப்பிடுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாலு வருஷம் ஆகும். என்னை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம். நான் கல் மாதிரி இருக்கிறேன்.

உங்கள் முழங்காலுக்கும் உங்களுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும். டெஸ்ஸா முத்தம் அனுப்புகிறாள். உங்கள் பாத்திரமும் மிச்சமிருக்கிற பத்தில் இருக்கிறது, வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
வெர்னா

பின்குறிப்பு: மேலே ஒரு பொய் இருக்கிறது. விண்ணப்பத்தை நான் கொடுக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது, தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். கொடுத்தாயிற்று என்று டெஸ்ஸாவும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்கு ஃபோன் செய்யுங்கள். சுகமா என்றெல்லாம் கேட்க வேண்டாம், "குடுத்துட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். ஃபோனில் உங்கள் குரல் அவர் குரல் மாதிரியே இருக்கும். அந்தக் குரலிடம் எனக்குப் பொய் சொல்ல வராது.