கப்பல் கொடுத்த பிஸ்கெட்

படிக்கிறவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். மேற்படிப்பு படிக்கிறவர்களுக்கு இன்னும் நீளம். எனக்குக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இருந்தது.

கிரிமினல் எடு, நம் ஏரியாவில் கேஸுக்குப் பஞ்சமே இல்லை என்று ராயபுரத்துச் சொந்தங்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். எல்.எல்.எம்.முக்கு நான் பிடிவாதமாக எடுத்தது கடல்சார் சட்டம். (கடலைப் பார்த்து வளர்ந்தவள் கடலைப் படித்தால் என்ன குத்தம்?) துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவுக்கு அதில் ரொம்ப வருத்தம். முதல் செமஸ்டரிலேயே, சேதம் செய்த கப்பலைக் கைது செய்யலாம் என்று ஒரு பாடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரியாணி சாப்பிடும்போது அதை எடுத்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி அந்தோணி மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். அந்த வாரம்தான் ஒரு சரக்குக் கப்பல் அவருடைய வலையை அறுத்திருந்தது. வலை போனால் தொழில் போனது.

"அது இன்னும் வெளியதான் நங்கூரம் போட்டுகினு நிக்குது. வா, புடிச்சிடலாம்."

உயர் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒரு தோணியைக்கூடத் தொட முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் எதிரில் கெத்து விடவில்லை. முதலில் நோட்டீஸ் கொடுப்போம் என்று சட்டம் பேசி, மறுநாள் காலை கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக ஃபைபர் படகில் ஏறினேன்.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் குடல் வாய்க்கு வந்தது. பரம்பரையாக மீன் பிடித்த அம்மா வழிக் குடும்பத்தில் படகில் வாந்தி எடுத்த முதல் ஆள் நான்தான். கோட்டு நாசம். கப்பலோ ஹவுசிங் போர்டு கட்டடம் மாதிரி நின்றது. நோட்டீஸை ஆட்டியபடி ஆங்கிலத்தில் சட்டப் பிரிவுகளைக் கத்தினேன். மீன் விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, மேலே இருந்தவன் கயிற்றில் வாளியை இறக்கினான். மாமா பவ்யமாக நோட்டீஸை அதில் வைத்தார். மேலே போன வாளி ஒரு பிஸ்கெட் பாக்கெட்டோடு திரும்பியது. என் மூஞ்சியைப் பார்த்துப் பட்டினி என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"துன்னு பாப்பா, வாந்தி நிக்கும்" என்றார் மாமா. தின்றேன். (வேற வழி?)

அன்று சாயங்காலமே கப்பல் போய்விட்டது. மாமா இன்னொருவர் படகில் கூலிக்குப் போனார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. தெருவில் எனக்குப் 'பிஸ்கெட் வக்கீல்' என்று பெயர் விழுந்தது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. இப்பவாவது கிரிமினலுக்கு மாறிவிடு என்றார் அப்பா.

"மாற மாட்டேன்பா. எனக்குக் கப்பலுங்க மேலதான் கோவம்."

அந்தக் கோபத்திலேயே அறுந்த வலைகளுக்கான நஷ்ட ஈட்டைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டமும் வாங்கினேன். சில வருடம் கழித்து, காசிமேட்டுப் படகு ஒன்றை இடித்த வேறொரு கப்பலைக் கைது செய்ய நிஜமாகவே உத்தரவு வாங்கினேன். அதைக் கப்பலில் ஒட்ட நீதிமன்ற ஊழியரோடு கிளம்பிய காலையில், மாமா ஒரு பிஸ்கெட் பாக்கெட்டோடு வாசலில் நின்றார்.

"ஆர்டரோட இத்தயும் குட்த்துட்டு வா பாப்பா. இனிமே கப்பல் நவுராதில்ல, அவனுக்குப் பசிக்கும்."

அன்றும் போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். பிஸ்கெட்டை மட்டும் தொடவில்லை.