சம்பந்தி வீட்டுச் சைலன்சர்

செஞ்சி,
ஆடிக் கடைசி வாரம்.

மகா கனம் பொருந்திய சம்பந்தி திரு. நெடுமாறன் அவர்களின் சமூகத்துக்கு, ரங்கநாதன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் சம்சாரம் ராஜம்மாளும், என் மகளும் உங்கள் மருமகளுமான அன்புக்கரசியும் அங்காளம்மன் புண்ணியத்தில் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். அனந்தபுரத்தில் தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை ஆனந்தராஜும், போன மாதம் கன்று போட்ட பசுவும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் "சொல்லுங்க சம்பந்தி, சொல்லுங்க சம்பந்தி" என்று விடாமல் சொல்வதில் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோய், "அங்க மழை உண்டா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இந்த ஒரு மாதத்தில் உங்களிடம் நாலைந்து தரம் மழையை விசாரித்துவிட்டேன். அதெல்லாம் மழை இல்லை சம்பந்தி, சைலன்சர்.

ஆடி பிறந்த அன்று மாப்பிள்ளை நம் பெண்ணைப் புது பைக்கில் உட்காரவைத்து ஆடிச் சீருக்கு அழைத்து வந்ததும், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் உங்கள் போன் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். "வண்டி கையில இருந்தா நம்ம பையன் ஆடி பூரா உங்க வாசப்படியிலதான் நிப்பான் சம்பந்தி. வண்டிய அங்கயே நிறுத்திக்குங்க, அவன பஸ்ல ஏத்தி அனுப்புங்க" என்றீர்கள். பின்னாலேயே சம்பந்தியம்மாள் போனை வாங்கி, "ஆடியில சேந்தா சித்திரையில புள்ள. சித்திரப் புள்ள குடிக்கு ஆவாது. அப்புறம் எங்களச் சொல்லக் கூடாது" என்றார்கள். நானும் மார்தட்டி, "ஆவணி பொறக்கறவரைக்கும் மாப்ள நெழலுகூட எங்க வாசப்படியில வுழாது. வண்டி நீங்க வுட்டது வுட்டபடியே இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன். நான் நெல் கமிட்டி குடோனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். என் பொறுப்பில் விட்ட மூட்டையில் எலிகூட என்னைக் கேட்டுத்தான் வாய் வைக்கும் என்று அங்கே பேச்சு. அப்படிப்பட்டவன் கொடுத்த வாக்கு இது. பைக்கை வீட்டுப் பக்கத்துச் சந்தில் தகரக் கொட்டகைக்குள் நிழலாக நிறுத்தினேன். சாவி அன்று முதல் ராஜம்மாள் இடுப்பில். குளிக்கப் போகும்போதுகூட அவள் அதைக் கழற்றுவதில்லை. ஆகவே வண்டி நின்ற இடத்தைவிட்டு அசைந்திருக்க வழியே இல்லை என்பதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

வண்டிக்கு மேலே பழைய வேட்டியைப் போர்த்தலாம் என்று போனபோதுதான் அதைப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து கிளம்பி வளைந்து வருகிறதே அந்தச் சைலன்சர்க் குழாய், அது பழுப்பும் ஊதாவுமாக, அடிபட்ட முழங்கால் மாதிரி இருந்தது. புது வண்டி. அதுவும் பெண் வீட்டில் பைக் கேட்கக் கூடாது என்று நீங்களே உங்கள் கைக்காசில் வாங்கிக் கொடுத்த வண்டி. நாளைக்கு நீங்கள் வந்து பார்த்து, "நல்லாத்தானே குடுத்தோம், நீங்க இன்னா பண்ணீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? சரி, குத்துவிளக்கு தேய்க்கத் தெரிந்த குடும்பத்துக்குக் குழாய் தேய்ப்பது பெரிய காரியமா என்று புளியைக் கரைத்து, அடுப்புச் சாம்பலைச் சலித்து, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழங்கை கழன்றுபோகும்வரை தேய்த்தேன் சம்பந்தி. பிறகு பாருங்கள், வெள்ளிக் கொலுசாட்டம் ஆகிவிட்டது. ராஜம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு, "புளியே இப்புடி வேல செய்யுதுன்னா, எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா எப்புடி இருக்கும்! ஆனா இங்க விக்கிறதுல சாறே இல்ல. அவலூர்பேட்டை சந்தைக்குப் போயிட்டு வந்துடுங்களேன்" என்றாள். கல்யாணம் ஆன நாள் முதல் நான் செய்த எந்த வேலையையும் அவள் மெச்சியதில்லை என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சந்தையிலிருந்து திரும்பி வந்து பையைக்கூட வைக்காமல் நேரே கொட்டகைக்குப் போனால், காலையில் தேய்த்த குழாய் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கிறது. இதென்னடா என்று தொட்டேன். சுள்ளென்று சுட்டுவிட்டது. ஆள்காட்டி விரல் கொப்பளித்துவிட்டது. நிழலில் நிற்கிற வண்டி, வெயில் ஒரு பொட்டு படவில்லை, எப்படிச் சுடும்? ராஜம்மாளிடம் கேட்டால் அவள் என் விரலில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே, "புளி ஒடம்புக்கே சூடு. இரும்புக்குச் சூடா இருக்காதா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் எலுமிச்சை. அதுவும் பளபளவென்று வந்தது. இந்தத் தரம் நிறம் மாறாமல் இருக்க, தேய்த்து முடித்ததும் நல்லெண்ணெய் தடவி வைத்தேன். அன்புக்கரசிதான், "நைனா, வினிகர்னு ஒண்ணு இருக்குது. அது ஊத்தித் தேச்சா கறையே வராதாம். பெரிய கடத்தெருவுல கேட்டுப் பாரேன்" என்றாள். அவளுக்கு இந்த வண்டிமேல் இருக்கும் அக்கறையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கி வினிகரோடு வந்து பார்த்தால், கொட்டகை பூராவும் பலகாரம் சுட்ட வாசனை. நான் தடவிய எண்ணெய் குழாயோடு குழாயாகக் கருகி, தீய்ந்த தோசை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எதிர் வீட்டு வசந்தா வேறு வாசலில் நின்றுகொண்டு, "இன்னா மாமா, மருமவன் வந்துட்டுப் போறாரு போலருக்குதே" என்றது. எனக்கு வந்ததே கோபம்! ஆடி மாதம் என்றால் என்ன, சம்பந்திக்குக் கொடுத்த வாக்கு என்றால் என்ன, எங்கள் மாப்பிள்ளையின் ஒழுக்கம் என்ன என்று நடுத்தெருவில் நின்று அதற்கு வகுப்பே எடுத்தேன். அது வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. உண்மை சுட்டிருக்கும்.

இதைச் சொல்லும்போது பெட்ரோல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்தேன் என்று இருக்கக் கூடாது. டேங்கில் முக்கால்வாசி இருந்த பெட்ரோல் நின்ற இடத்திலேயே வற்றிக்கொண்டு வருகிறது. அன்புக்கரசி, "ஆடிக் காத்துல ஆவியாப் போயிருக்கும் நைனா" என்கிறாள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது பெட்ரோல் எம்மாத்திரம்? இருந்தாலும் டேங்க் மூடியில் ரப்பர் சரியாக இருக்கிறதா என்று வண்டி வாங்கிய இடத்தில் தாங்கள் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

பிறகு யூடியூபில் ஒரு தம்பி டப்பாவில் வரும் பாலிஷ் ஒன்றைத் துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக் காட்டினான். அது திண்டிவனத்தில்தான் கிடைக்கும் என்று ராஜம்மாள் அடித்துச் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. திண்டிவனம் போய், அலைந்து வாங்கிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால், அங்கே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நம் மாப்பிள்ளை! திண்டிவனத்தில் வேலை என்பதால் அவர் தினமும் இங்கே பஸ் மாறித்தானே ஆக வேண்டும். என்னைப் பார்த்ததும் என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று குனிந்து அந்த வண்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டார். மாமனார் முகத்தில்கூட ஆடியில் விழிக்கக் கூடாது என்று இருக்கிறார் பாருங்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா! நானும் அவர் விரதம் கெட வேண்டாம் என்று பார்க்காததுபோல் வந்துவிட்டேன். உங்கள் வளர்ப்பு சம்பந்தி, சும்மா சொல்லவில்லை.

அந்தப் பாலிஷ்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. ஆடி அமாவாசைக்கு முதல் நாள் தேய்த்து முடித்தபோது குழாய் கண்ணைக் கூசவைத்தது. "இந்த அழகுக்குக் கண்ணு பட்டுடும். மேல்மலையனூர் போயி அம்மன் குங்குமம் வாங்கியாந்து வண்டிக்கு வையுங்க. புள்ளைக்குத் தலவலி, நான் அது கூட இருக்கறேன்" என்றாள் ராஜம்மாள். மறுநாள் அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. எவனோ ஒருவன் பூசணிக்காயை என் காலில் வைத்துக்கொண்டு வந்தான். வளத்தி தாண்டியதும் எங்கள் பஸ் ஒரு பைக்கை முந்தியது. ஹெல்மெட் போட்ட வாலிபன், மாடு ஓட்டிக்கொண்டு போகிறவன்போல அவ்வளவு மெதுவாக ஓட்டுகிறான். பின்னால் ஒரு பெண், தலைமேல் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருக்கிறாள், நம் அன்புக்கரசி கட்டுகிற அதே கிளிப்பச்சைச் சேலை. ஒரே மாதிரி நூறு சேலை விற்கிறார்கள், அது பெரிதில்லை. எனக்குக் கண்ணெல்லாம் அவன் சைலன்சர்மேல்தான். நம் வண்டி மாதிரியே வண்டி, ஆனால் என்ன மினுமினுப்பு! அந்த வீட்டில் எவனோ நம்மைவிட நன்றாகத் தேய்க்கிறான் என்று வயிறு எரிந்துவிட்டது. கோயில் வரிசையில் நிற்கும்போதும் அதே நினைப்பு. அதற்கு அம்மன் உடனே கூலி கொடுத்துவிட்டாள் சம்பந்தி. கூட்டத்தில் நசுங்கிக் குங்குமத்தோடு வீடு வந்து சேர்ந்தால், நம் குழாய் மயில் கழுத்து நிறத்தில் நிற்கிறது. அடுத்தவன் சைலன்சரைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் இதுதான் கதி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இதற்குமேல் என்னால் ஆகாது. புளி, எலுமிச்சை, வினிகர், பாலிஷ், குங்குமம் எல்லாம் பார்த்தாயிற்று. விரல் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. ஆவணி பிறந்ததும் நீங்களும் சம்பந்தியம்மாளும் பெண்ணையும் வண்டியையும் அழைத்துப்போக வருவீர்கள். அன்றைக்கு வண்டியைச் சைலன்சர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்தியிருப்பேன். தாங்கள் பெரிய மனது பண்ணி அந்தப் பக்கம் போகாமல் காப்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறம் போனாலும் வாக்கு போகவில்லை. மாப்பிள்ளையின் நிழல் இந்த நிமிடம்வரை எங்கள் வாசலில் விழவில்லை என்பதை நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.

பிள்ளைகள் இருவரும் பதினாறு பேறும் பெற்று, அவசரமில்லாமல் நல்ல மாதமாகப் பார்த்து வம்சம் விளங்கட்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு, சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்களையும் பசுவுக்கும் கன்றுக்கும் என் விசாரிப்பையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தவறாத சம்பந்தி,
ரங்கநாதன்.

பின்குறிப்பு: காலையில் கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன். தோட்டத்துப் பக்கம் அன்புக்கரசி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பாழாப்போன பாலிஷு நாத்தம்தான் புள்ளைக்கு ஆவல!" என்று டப்பாவைத் தூக்கி எறியப் போனேன். ராஜம்மாள் என் கையைப் பிடித்து, "பாலிஷும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்க தாத்தா ஆவப்போறீங்க" என்றாள். நான் அப்படியே சாம்பல் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனி மாதமே தங்கிவிட்டதாம் சம்பந்தி. ஆடி பிறந்து சில நாளில் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே சொன்னால் சம்பந்தியம்மாள் ஆடியைத்தான் நினைப்பார்கள் என்று பயந்து மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. பெண்ணுக்கு ஒரு வாய் சோறு தங்காமல், இளநீர் ஒன்றுதான் தங்கியிருக்கிறது. மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டு வருவாராம். டாக்டரிடம் காட்டவும், அம்மனுக்கு வேண்டிக்கொள்ளவும் இவளை உட்காரவைத்துக் கூட்டிப்போய்த் திரும்ப விடுவாராம். நான் வீட்டில் இருந்தால் நடக்காது என்பதால் என்னை ஊர் ஊராகச் சாமான் வாங்க அனுப்பியவள் என் சம்சாரம். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. "வயித்துப் புள்ளையோட பைக்கிலயா போன?" என்று கத்தினேன். "மெதுவாத்தான் நைனா ஓட்டுனாரு. நீ போன பஸ்ஸே எங்கள முந்திட்டுப் போச்சே" என்று அழுதுகொண்டே சிரித்தாள். கோபம் வர வேண்டுமே என்று கொஞ்ச நேரம் பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. சந்தோஷத்தில்தான்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். பிரசவம் பங்குனியில் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். சம்பந்தியம்மாள் விரல்விட்டு எண்ணட்டும், எப்படி எண்ணினாலும் சித்திரை வராது. பைக்கைப் பற்றி இனிப் பேச்சில்லை, பிள்ளை பிறக்கும்வரை பெண் அதில் ஏறக் கூடாது என்று மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன். நீங்கள் ஆவணிவரை காத்திருக்க வேண்டாம். கடிதம் கிடைத்ததும் பஸ் ஏறி வந்துவிடுங்கள். ஆடியில் மாப்பிள்ளைதான் மாமனார் வீட்டுக்கு வரக் கூடாது. தாத்தா வரக் கூடாது என்று எவனும் சொல்லவில்லை.