கடைக்கு இருக்கும் ஒரே வானம்

அன்புள்ள சித்திக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பறவை. நலம் விசாரிக்காமல் பறவையில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்க வேண்டாம். நான் நலம், நீங்களும் சித்தப்பாவும் சித்தப்பாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். ஆனால் எல்லாம் அந்தப் பறவையால் வந்ததுதான். எங்கள் ஸ்டூடியோவுக்குப் பக்கத்து மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு அக்கா வேலை செய்கிறார். அவருடைய படத்தில், வலது பக்கம் மேலே, கமா போட்ட மாதிரி ஒரு சின்னப் பறவை. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்து, தெருமுனை ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவரின் படத்தை உறையில் போடும்போது பார்த்தால், அதிலும் அதே இடத்தில் அதே கமா. அப்போதே முதலாளியிடம் வாயைத் திறந்திருக்கலாம். நான் எப்போது வாயைத் திறந்திருக்கிறேன்? வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் வராமல் நின்று நின்றே பள்ளிக்கூடத்தை விட்டவள்தானே. இரண்டு உறையையும் ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

தரை துடைக்கவும் படங்களை ஓரம் வெட்டவும்தான் நீங்கள் என்னை இங்கே சேர்த்துவிட்டீர்கள். இப்போது முதலாளி என்னைக் கம்ப்யூட்டரிலும் உட்கார வைக்கிறார். கடைக்குப் பின்னால் வெட்டவெளியில்தான் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுப்போம். அங்கே வானம் எப்போது பார்த்தாலும் துவைத்துத் துவைத்து வெளுத்த தலையணை உறை மாதிரி இருக்கும். அதனால் அதை மாற்றிவிடுவோம். மவுஸால் வெள்ளையில் ஒரு தட்டு தட்டினால், சாஃப்ட்வேர் வானம் முழுவதையும் தானே பொறுக்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு வேறு வானத்தைப் பின்னால் வைக்க வேண்டும். காது, முடி ஓரமெல்லாம் பிசிறடிக்கும், அதைப் பிரஷ் வைத்துப் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். எனக்குப் பிடித்த வேலை சித்தி, யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஆனால் கடையில் இருப்பது ஒரே ஒரு வானம். முதலாளி எப்போதோ வெளியூர் போனபோது எடுத்தது. 'நல்ல வானம்' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார். அதைத்தான் எல்லோர் தலைக்கு மேலும் போடுகிறோம். எப்படி இவ்வளவு நீலம் என்று யாராவது கேட்டால், என் கேமராவுக்கு அப்படி ஒரு கண் என்று சொல்லிவிடுவார்.

அந்த அக்கா நல்லவர். நான் பதில் பேசாவிட்டாலும் என்னிடம் பேசுகிற ஒரே ஆள். தினமும் சாயங்காலம் ரொட்டிக் கடைக்குப் போய்ப் பன் வாங்கி வருவார், அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிற அவருக்கும் பெரியவர்கள் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு பெரியம்மா இருக்கிறார், அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு. அந்தப் பெரியம்மா அக்காவின் படத்தை வாங்கி, மாப்பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்த்தார். உயரம் பொருந்தியது, நிறம் பொருந்தியது, பறவையும் பொருந்தியது. ஒரே மேகம், ஒரே பறவை, அப்படியானால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள், சேர்ந்து ஊர் சுற்றிவிட்டு நம் முன்னால் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். இப்படி ஏமாற்றுகிற பெண் வேண்டாமாம். அக்காவின் அப்பாவுக்கு ரோஷம் வந்து, என் பெண் வீட்டையும் கடையையும் தவிர எதையும் பார்த்ததில்லை என்று சொல்லி, கொண்டுபோன பழங்களைக்கூடத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அக்கா பன் வாங்கப் போகவில்லை. கடையில் யாருக்கோ மாட்டிப் பார்க்க வைத்திருந்த கண்ணாடியைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கண் வீங்கியிருப்பது தெரியாமல் இருக்க.

முதலாளியிடம் சொன்னேன். அதாவது, இரண்டு படங்களின் நகலையும் அவர் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பார்த்ததும் அவருக்கு விக்கல் எடுத்தது. பயந்தால் அவருக்கு விக்கல்தான். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரையும் கடைக்கு வரச் சொல்கிறேன், வானத்தை வைத்தது நீ, நீயே விளக்கிச் சொல்லிவிடு என்றார். நான் பேசாவிட்டால் அக்காவின் கல்யாணம் என்னால்தான் நின்றது என்று ஆகிவிடும். பேச நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே சித்தி, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எப்படியாவது வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். நீங்கள் சொன்ன தையல் கடையிலேயே பொத்தான் தைக்கிறேன். பொத்தான் யாருக்கும் விளக்கம் சொல்லச் சொல்லாது.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பாப்பாவின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தம், சண்டை வராமல் பங்கு போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
எழுதினால் மட்டும் பேச்சு வரும் உங்கள் மகள்

பின்குறிப்பு: வர வேண்டாம் சித்தி. தபால் நிலையத்தில் தபால்தலை கேட்க வாய் வராமல் திரும்பி வந்துவிட்டேன், அதற்குள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. எல்லோரும் வந்தார்கள். நாற்காலி போதாமல் மாப்பிள்ளை, குழந்தைகளைப் படமெடுக்கிற மரக்குதிரையின் மேல் உட்கார்ந்திருந்தார். முதலாளி பேச ஆரம்பித்தார், விக்கல் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அதுகூட வரவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பெரியம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, பின்னால் கூட்டிப்போய் வெட்டவெளியில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். கோபமாகத்தான் வந்தார், ஆனால் கேமராவைப் பார்த்ததும் கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்து விட்டுக்கொண்டார். உள்ளே வந்து, எல்லோரும் பார்க்க, அந்த வெள்ளை வானத்தில் ஒரு தட்டு தட்டினேன். சாஃப்ட்வேர் கொஞ்சம் அதிகமாகவே பொறுக்கிவிட்டது. வானத்தோடு பெரியம்மாவின் நரைமுடியும் சேர்ந்து போய், நல்ல வானத்தை வைத்ததும் அந்த இடத்தில் ஒரு மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் பறவை. முதலாளியின் விக்கல் நின்றுவிட்டது.

பெரியம்மா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "அப்ப நானும்தான் இவங்களோட ஊர் சுத்தியிருக்கேன்" என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, "வானம் இருக்கட்டும்மா. முடிய மட்டும் திருப்பிக் குடுத்துடு" என்றார். அக்காவின் அப்பாதான் முதலில் சிரித்தார். பழம் இன்னும் வீட்டில் அப்படியேதான் இருக்கிறது என்று வேறு சொன்னார். பேச்சு முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து நிறுத்தி ஒரு படமும் எடுத்தாகிவிட்டது.

எல்லோரும் தெருவில் இறங்கிய பிறகு அக்கா மட்டும் திரும்பி வந்தார். என் காதோடு, "பாவம் பெரியம்மா, அவங்க சரியாத்தான் கண்டுபிடிச்சாங்க. நாங்க ரொம்ப நாளா பேசிட்டுத்தான் இருக்கோம். யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "எனக்குப் பன்னே பிடிக்காதுடி" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை சித்தி, எழுதத்தான் செய்கிறேன்.

பிறகு உள்ளே போய், அவர்கள் சேர்ந்து நிற்கிற படத்தைத் திறந்து, நல்ல வானத்தை வைத்து, அந்தப் பறவைக்குப் பக்கத்தில் இன்னொரு பறவையை வைத்தேன்.