ஸ்டோனி கேப்பில் கட்டிலை நகர்த்திய கதை

ஃபால்மத்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து.

பர்மிங்ஹாமில் குளிரோடும் கௌரவத்தோடும் வாழ்ந்துவரும் என் மைத்துனர் திரு. லின்வல் வெடர்பர்ன் அவர்களுக்கு, தங்கள் அக்கா ஐசில்டாவின் கணவன் எஸ்ரா பின்னக் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், கோழிகளும், வலது முழங்கால் நீங்கலாக என் மற்ற மூட்டுகளும் சுகம். அங்கே தாங்கள், தங்கள் துணைவியார், தங்கள் ரத்தக்கொதிப்பு எல்லோரும் அடங்கி ஒடுங்கி நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

தாங்கள் தொலைபேசியில் எனக்கு இட்ட கட்டளைகள் இரண்டு. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் ஒரு நாளாவது மனிதர்களோடு வெளியே போய்வர வேண்டும் என்பது ஒன்று. ஐசில்டா படுத்திருந்த கட்டிலைத் திருப்பிப் போட வேண்டும் என்பது மற்றொன்று. அவள் இறந்துபோன ஒன்பதாம் இரவன்று தெருவே கூடிப் பாடி, டொமினோ அடித்து, என் செலவில் ஆட்டு சூப் குடித்து முடித்துவிட்டுக் கட்டிலை நகர்த்த வந்தபோது, நான் அறை வாசலில் குறுக்கே நின்று எல்லோரையும் திருப்பி அனுப்பியதை யாரோ தங்களிடம் வத்தி வைத்துவிட்டார்கள். கட்டிலும் அலமாரியும் பழைய இடத்திலேயே இருந்தால் செத்தவர்கள் அடையாளம் கண்டுபிடித்துத் திரும்பித் திரும்பி வருவார்கள், இடம் மாறினால்தான் இது நம் வீடு இல்லை போலிருக்கிறது என்று போய்ச் சேருவார்கள் என எனக்கே பாடம் நடத்தினீர்கள். நான் என்ன சீனாவிலா பிறந்தேன், எனக்குத் தெரியாதா? போதாததற்கு, கட்டிலைத் திருப்பாததால் அவள் வாரத்துக்கு இரண்டு முறை பர்மிங்ஹாமுக்கு வந்து உங்கள் கனவில் காலடியில் உட்கார்ந்து பேசாமல் பார்க்கிறாள், தூக்கமே போச்சு என்று வேறு அழுதீர்கள். இங்கே கட்டிலை ஒரு இம்மி நகர்த்தாமல் காத்துக்கொண்டு கிடக்கிற எனக்கு அவள் ஒரு நாள்கூட வரவில்லை, உங்களுக்கு வாரம் இரண்டு. சரி, அதைப் பிறகு பேசுவோம்.

முதல் கட்டளையின்படி சுற்றுலா போய்வந்தேன். ராஸ் கெல்சோ என்ற பாடகர் பிறந்த ஸ்டோனி கேப்புக்கு, வழிகாட்டியோடு, மதியச் சாப்பாட்டோடு, குளிரூட்டிய பஸ்ஸில் ஒரு நாள் பயணம் என்று அங்கிருந்தே சீட்டு வாங்கி அனுப்பியிருந்தீர்கள். மச்சினரே, ஸ்டோனி கேப்புக்கு வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவன் நான். அந்த மலையில் எந்த வளைவில் எந்தக் கழுதை நிற்கும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து அந்த மலையை எனக்கே காட்ட ஏற்பாடு செய்த உங்கள் மூளையை என்னவென்று சொல்வது. ஆனாலும் கோட்டு போட்டுக்கொண்டு, கப்பல் துறையில் நின்ற பஸ்ஸில் ஏறி, நம் வழக்கப்படி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "காலை வணக்கம்" என்று சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் சீட்டில் இருந்த அம்மாள் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "வேண்டாம், எதுவும் வாங்கறதா இல்லை" என்றாள். நான் என்ன விற்க வந்தேன்? கப்பலிலிருந்து இறங்கிய ஜனம் எல்லாம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் முதுகில் ஒருவர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது. தனியாக வந்தவன் நான் ஒருத்தன்தான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் செய்த உபகாரம் வெளியே வந்தது. நீங்கள் சீட்டை இரண்டு பேருக்கு வாங்கியிருக்கிறீர்கள்! பழக்க தோஷமோ, இரண்டாக வாங்கினால்தான் கொடுப்பார்களோ, நான் அறியேன். வழிகாட்டிப் பையன் பிரஸ்டன், பின்னல் தொப்பிக்குள் முடியை மூட்டையாகக் கட்டி வைத்திருப்பவன், ஆட்களை எண்ணினான், மறுபடி எண்ணினான், பிறகு மைக்கைக் கையில் எடுத்து "திருமதி பின்னக்! திருமதி பின்னக் எங்க இருந்தாலும் பஸ்ஸுக்கு வரவும்!" என்று துறைமுகமே அதிரக் கூப்பிட்டான். அவள் பெயரை யாரும் சத்தமாகக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா? "தம்பி, அவங்க வரலை" என்றேன். "உடம்பு சரியில்லையா டாடி?" என்றான். "இப்ப எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படியும் அவன் விடவில்லை. பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒரு தடவை, பழக்கடையில் ஒரு தடவை மைக்கில் அவள் பெயர் முழங்கியது. இரண்டு பேருக்கு என்று எழுதியிருந்ததால் ரம் பானமும் இரண்டு வந்தது. உங்கள் அக்கா வாழ்நாளில் தொடாத ரம்மை அவள் கணக்கில் நானே குடித்தேன். அதற்குப் பிறகு பிரஸ்டன் கேட்கிறபோதெல்லாம் "பின்னால வராங்கப்பா, நீ வண்டிய எடு" என்று சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் தெம்பாக இருந்தது.

பஸ் ஓட்டியவன் டஷான் என்று ஒரு பொடியன். வளைவில் ஹாரன் அடிக்கத் தெரியாது. மலைப்பாதையில் ஹாரன் அடிக்காமல் திரும்புகிறவன் கதவைத் தட்டாமல் குளியலறைக்குள் நுழைகிறவன் என்பது என் கொள்கை. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து என் முழங்கால் வீங்கிவிட்டது. "ஹாரன் அடிடா!" என்று பின்சீட்டிலிருந்து கத்தினேன். "டாடி, நீங்க இன்னிக்கு பயணி, ஜாலியா வாங்க" என்றான் பிரஸ்டன். சொல்லி வாய் மூடவில்லை, கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து மூக்கோடு மூக்கு நின்றது. ஒருவனுக்கும் பின்னால் போகத் தெரியவில்லை. நான் இறங்கிப் போய்க் கையைக் காட்டி, லாரிக்காரனின் பரம்பரையையே திட்டி, பஸ்ஸை ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் பின்பக்கமாக நுழைத்து வழிவிட்டேன். ஜனம் கைதட்டியது. முதல் சீட்டு அம்மாள் என் கையில் ஒரு டாலரைத் திணித்தாள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

ஸ்டோனி கேப்பில் அந்தப் பாடகரின் வீடு இரண்டே அறை. முற்றத்தில் அவருடைய கல்லறை, அதைச் சுற்றி ரம் விற்கிறவன், தொப்பி விற்கிறவன், வேலிக்கு வெளியே கையை நீட்டிக் கஞ்சா விற்கிறவன். பிரஸ்டன் எங்களைப் படுக்கையறைக்குள் நெருக்கி நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "இந்தக் கட்டில்லதான் ராஸ் கெல்சோ பிறந்தாரு. வியாதியோட திரும்பி வந்து இதே கட்டில்லதான் கண்ணை மூடினாரு. அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் இந்தக் கட்டிலை நாங்க ஒரு அங்குலம்கூட நகர்த்தலை" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நகர்த்தலையா? ஒன்பதாம் ராத்திரிகூடவா?" என்றேன். "நகர்த்தலை டாடி, எல்லாம் அப்படியே இருக்கு" என்று பெருமையாகச் சொன்னான். "அடப்பாவிகளா, அந்த மனுஷன் எப்படிடா போய்ச் சேருவான்? பாடிப் பாடிக் களைச்சவன், ஒரு இடத்துல நிம்மதியாப் படுக்க வேண்டாமா? இத்தனை வருஷமா உங்க தொப்பி வியாபாரத்துக்கு நடுவுல நிக்கவெச்சிருக்கீங்களே!" என்றேன். லின்வல், நீ இப்போது சிரிப்பாய், எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு ஆவி என்றால் சட்டம் எனக்கு மளமளவென்று ஞாபகம் வருகிறது. கட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய்க் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டேன். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாடு மாதிரி ஜெர்மன்காரர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு கால்மாட்டைப் பிடித்தார். எல்லோரும் தாளம் போட்டுக் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். பிரஸ்டன் திருதிருவென்று விழித்து மைக்கைக் கீழே போடுவதற்குள் ஜன்னலோரம் இருந்த கட்டில் கதவுக்கு நேரே வந்து சேர்ந்துவிட்டது.

பிறகென்ன, என்னைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் விட்டார்கள். சாப்பாட்டையும் அங்கேயே கொடுத்துவிட்டார்கள், இரண்டு பொட்டலம். அங்கே மரத்தடியில் வயதான ஒரு பெண்மணி தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள். ராஸ் கெல்சோவின் மனைவி வாஷ்டி. "வணக்கம்மா" என்றேன். "வணக்கம், ஐயா. உட்காருங்க" என்றாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் வணக்கம் அதுதான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க பஸ் ஓட்டின எஸ்ராதானே? வாழைக்காய் மூட்டைக்குத் தனி டிக்கெட் கேட்டு என்னை மழையில இறக்கிவிட்ட ஆளு."

"அது கண்டக்டர்ம்மா" என்றேன்.

"கண்டக்டரா? வண்டிய நிறுத்தினது யாரு?" என்று சிரித்துவிட்டு, "இப்ப உள்ள என்ன கலாட்டா பண்ணீங்க?" என்றாள்.

சொன்னேன். ஒரு பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, கட்டிலைத் திருப்பாமல் புருஷனை இப்படி அலையவிடலாமா என்று அவளையும் கேட்டேன்.

"யாரு திருப்பலைன்னது? அந்தப் பையன் மைக்குல என்ன வேணா சொல்லுவான், அவன் அப்பப் பொறக்கவே இல்ல. ஒன்பதாம் ராத்திரியே திருப்பியாச்சு. ஊர்ல பெரியவங்க நாலு பேர் வந்து ஜன்னலோரமா போட்டாங்க."

"அப்புறம்? வந்தாரா?"

"வரலை" என்றாள். "நல்லா வேலை செஞ்சுது. அதான் கஷ்டம். எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து நாள் தவறாம அந்த ரூமுக்குள்ள தலைய விட்டுப் பாக்குது. அவரு ஒருத்தர்தான் வரலை." தேங்காய்ச் சில்லு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, "இப்ப எந்தப் பக்கமா போட்டீங்க?" என்று கேட்டாள்.

"கதவுக்கு நேரா."

கத்தியை அப்படியே கீழே வைத்தாள். எழுந்து போனாள். நானும் பின்னால் போனேன். பிரஸ்டனும் தொப்பி விற்கிறவனும் கட்டிலைத் திரும்ப ஜன்னல் பக்கம் இழுக்கக் குனிந்துகொண்டிருந்தார்கள். வாஷ்டி வாசலிலேயே நின்று பார்த்தாள். அவர் உயிரோடு இருந்தபோது கட்டில் கிடந்ததே கதவுக்கு நேராகத்தானாம். விரட்டுவதற்கென்று இழுத்துப்போட்ட நான், அந்த மனுஷனுக்குச் சரியாகப் பழைய படுக்கையைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! பிரஸ்டன் "அம்மா, ஆபீஸ்ல திட்டுவாங்க" என்றான். "திட்டட்டும். கைய எடுடா. இருக்கற இடத்துலயே இருக்கட்டும்" என்றாள் அவள். பிரஸ்டன் கையை எடுத்துவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரஸ்டன் தலைகளை எண்ணினான், என்னைப் பார்த்தான், மைக்கை எடுக்காமல் உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

இதைப் படித்ததும் நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். கட்டிலைத் திருப்பினால் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியே கிடைத்துவிட்டது அல்லவா? என் வீம்புக்காக ரத்தக்கொதிப்புக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பது நியாயமில்லை என்று யோசித்து, இன்று ஆராதனை முடிந்து வந்ததும் நானே தனியாகக் கட்டிலைத் திருப்பிவிட்டேன். தலைமாடு இப்போது தெருப்பக்கம், அலமாரி கட்டில் இருந்த இடத்தில். தங்கள் இரண்டு கட்டளைகளும் நிறைவேறின. நான் வருத்தப்படவில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டேன், ஆனால் அது தங்கள் கவலை அல்ல. இனி தாங்கள் கால் நீட்டித் தூங்கலாம்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அந்த ஊர்ப் பனியில் வழுக்கி விழாமல் கர்த்தர் தங்களைக் கைப்பிடித்து நடத்துவாராக.

தங்கள் சொல் தட்டாத,
எஸ்ரா பின்னக்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சற்று படுத்தேன். மழை பிடித்துக்கொண்டு அறை இருட்டிவிட்டது. விழித்ததும், கொடியில் துணி நனைகிறது என்று சொல்லப் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினேன், சுவர்தான் இருந்தது. எழுந்து கதவு என்று நினைத்துப் போய் அலமாரியில் முட்டி நெற்றி புடைத்துவிட்டது. லின்வல், கல்யாணமான நாள் முதல் தூங்கி எழுந்த அறையடா இது. உயிரோடு இருக்கிற எனக்கே வழி தெரியவில்லை, அவள் எப்படிக் கண்டுபிடித்து வருவாள்? பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பழையபடியே போட்டுவிட்டேன். மேலே எழுதியதை அடித்துத் திருத்தத் தெம்பில்லை, ஆகவே மன்னித்துக்கொள். இனி அவள் உன் கனவில் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாதே. கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று சொல்லி, இங்கே அனுப்பிவை.